செப்டெம்பர் 30 நிகழ்வுக்கு எந்த மானியம்? ஊர்ச் சங்கங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கத்து ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பூர்வகுடி மக்களோடு சேர்ந்து ஒரு நல்லிணக்க நிகழ்வு நடத்த வேண்டும். ஐந்தாறாயிரம் டொலர் தேவைப்படும். எங்கே விண்ணப்பிப்பது?" மத்திய அரசின் நிதி இரண்டு, நகரசபை மானியம், அறநிதியங்களின் சிறு நிதி, சங்கத்தின் சொந்தக் காசு என்று வழிகள் பல. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும். தொகை எது பெரிது என்று மட்டும் பார்த்து இறங்கிய பிறகுதான் வேறுபாடு புரிகிறது.

இது நமக்குச் சம்பந்தமில்லாத விடயமும் அல்ல. வதிவிடப் பாடசாலைகளின் வரலாற்றை விசாரித்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் விடுத்த, செயலுக்கான 94 அழைப்புகளில் கடைசி இரண்டும் புதிதாகக் குடியேறுவோரைப் பற்றியவை. 93ஆவது, குடியுரிமைப் பரீட்சையிலும் புதியவர்களுக்குக் கொடுக்கும் தகவல்களிலும் பூர்வகுடி வரலாறு சரியாக இடம்பெற வேண்டும் என்கிறது. 94ஆவது, குடியுரிமை உறுதிமொழியையே மாற்றச் சொல்கிறது. 2021இல் அது மாறியது. அதற்குப் பின் கனடியக் குடியுரிமை எடுத்த ஒவ்வொருவரும் முதற்குடிகள், இனுயிட், மெற்றிஸ் மக்களின் உடன்படிக்கை உரிமைகளைத் தம் வாயாலேயே ஏற்றிருக்கிறார்கள். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய தினமாகச் செப்டெம்பர் 30 மத்திய அரசின் விடுமுறை நாளானதும் அதே 2021இல்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

திகதி. செப்டெம்பர் 30 துக்கத்தின் நாள். குடும்பங்களிலிருந்து பிரித்து வதிவிடப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோகப்பட்ட சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகளையும், அவர்களில் வீடு திரும்பாதவர்களையும் நினைக்கும் நாள். ஜூன் 21 தேசிய பூர்வகுடி மக்கள் தினம், கொண்டாட்டத்தின் நாள். நடனம், மேளம், உணவு, சிறுவர் பட்டறை என்று திட்டமிட்டுவிட்டு அதைச் செப்டெம்பர் 30இல் வைத்தால், மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே முகம் சுளிப்பார். சுளிக்கத்தான் வேண்டும்.

ஒன்ராறியோ மாகாணத்தில் இந்த இரண்டு நாளும் பொது விடுமுறை இல்லை. வங்கி, விமான நிலையம், மத்திய அரசு அலுவலகம் போன்ற இடங்களில் வேலை செய்வோருக்குச் செப்டெம்பர் 30 விடுமுறை. மற்றவர்கள் வேலைக்குப் போவார்கள், பிள்ளைகள் பாடசாலைக்குப் போவார்கள். 2026இல் அந்த நாள் புதன், 2027இல் வியாழன். ஆகவே மாலை நிகழ்வுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். 2026 ஜூன் 21 ஞாயிறு, கூடவே தந்தையர் தினம். 2027இல் அது திங்கள்.

காசு எப்போது கைக்கு வரும். அங்கீகாரக் கடிதம் வேறு, வங்கிக் கணக்கில் பணம் வேறு. நிகழ்வு முடிந்த பிறகு காசு வந்து சேர்வதும் உண்டு. அழைத்தவர்களுக்கு அன்றே கொடுக்க வேண்டிய தொகையைச் சங்கம் முன்கூட்டிப் போடமுடியுமா என்பதை முதலில் பாருங்கள்.

சங்கத்தின் சட்ட நிலை. பதிவு செய்த இலாபநோக்கற்ற அமைப்பா, பதிவு பெற்ற அறக்கட்டளையா, வெறும் வட்ஸ்அப் குழுவா? பதிவு செய்திருந்தாலும், பொருளாளர் மாறிய ஆண்டில் மாகாண ஆண்டறிக்கையை யாரும் அனுப்பாமல் விட்டு, பதிவு கலைந்துபோனது பல சங்கங்களுக்குத் தெரியாது. விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் ஒன்ராறியோ வணிகப் பதிவேட்டில் சங்கத்தின் பெயரைத் தேடுங்கள். "செயலில் உள்ளது" என்று காட்டவில்லை என்றால் வேறெதையும் தொடவேண்டாம். முதல் வேலை அதுதான்.

கூலியில்லா உழைப்பு. விண்ணப்பம், ஆதரவுக் கடிதங்கள், இறுதி அறிக்கை, பற்றுச்சீட்டுகள். ஒரு மத்திய அரசு விண்ணப்பத்துக்கு எல்லாம் சேர்த்து இருபது மணி நேரத்தைக் குறைந்தபட்சமாக வையுங்கள். இதைச் செய்யப்போவது பெரும்பாலும் ஒரே ஆள். அவருக்குப் பொங்கல் விழா வேலையும் இருக்கும்.

காசு யாரிடம் போய்ச் சேர்கிறது. இதுதான் தலையாய அளவுகோல். மண்டபம், சாப்பாடு, ஒலிபெருக்கி, பதாகை எல்லாம் நம்மவர் கடைகளுக்கே போய், எல்டர் என்று மதிக்கப்படும் மூத்தவருக்கு 100 டொலரும் ஒரு பொன்னாடையும் என்று முடிந்தால், அது நம் சங்கத்தின் இன்னொரு விழா, அவ்வளவுதான்.

120 பேர் வரும் ஒரு மாலை நிகழ்வுக்கான மாதிரித் திட்டம்:

| செலவு | டொலர் |
|---|---|
| எல்டர், அவருடன் வரும் உதவியாளர் | 650 |
| பேச்சாளர் | 800 |
| மேளக் குழு | 1,000 |
| பயணச் செலவு, இரண்டு கார் | 360 |
| மண்டபம் | 600 |
| உணவு (ஆளுக்கு 12) | 1,440 |
| பொறுப்புக் காப்புறுதி | 200 |
| அச்சு, பிரெஞ்சு மொழிபெயர்ப்பு | 250 |
| புகையிலை, துணி, அன்பளிப்பு | 100 |
| எதிர்பாராச் செலவு | 300 |
| மொத்தம் | 5,700 |

முதல் நான்கு வரிகளின் கூட்டுத்தொகை 2,810. மொத்தத்தில் ஏறக்குறையப் பாதி. இதற்குக் கீழே இறங்கும் திட்டத்தைத் திரும்ப எழுதுவது நல்லது. உணவையும் ஒரு பூர்வகுடி உணவகத்திடமிருந்து எடுத்தால் பங்கு மூன்றில் இரண்டுக்கு மேல் போய்விடும். பயணச் செலவு கணக்கிட்ட விதம்: கிரெடிற் மிஸிஸாகா முதற்குடியின் இடம் ஹேகர்ஸ்வில் பக்கம், ஸ்காபரோவுக்குப் போய்வர ஏறத்தாழ 250 கிலோமீற்றர், கனடிய வருமான வரித் திணைக்களத்தின் 2025ஆம் ஆண்டு வீதம் கிலோமீற்றருக்கு 72 சதம். ஒரு காருக்கு 180 டொலர்.

## மானியத்துக்கு முன்: யாரை அழைப்பது

எந்த மானியத்துக்குப் போனாலும் இந்தப் பகுதியில் பிழைத்தால் மற்றதெல்லாம் வீண். அதனால் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

ரொறன்ரோ நிகழ்வுகளில் படிக்கும் நில அங்கீகார வாசகத்தை, அதாவது இது எந்தப் பூர்வகுடி மக்களின் நிலம் என்று சொல்லும் வாசகத்தை, அப்படியே எடுத்து மார்க்கத்திலோ ஏஜக்ஸிலோ படிப்பது நம் மேடைகளில் சர்வசாதாரணம். ஆனால் நிலம் ஒன்றல்ல. ரொறன்ரோவின் மையப் பகுதியும் மேற்கும் 1805இல் உறுதிப்படுத்திய 13ஆம் இலக்க உடன்படிக்கைக்குள் வரும். அதன் மறுதரப்பு கிரெடிற் மிஸிஸாகா முதற்குடி. ஸ்காபரோவும் அதற்குக் கிழக்கும் வடக்கும் 1923ஆம் ஆண்டு வில்லியம்ஸ் உடன்படிக்கைகளுக்குள் வரும். அவற்றில் ஏழு முதற்குடிகள்: ஆல்டர்வில், கேர்வ் லேக், ஹயவாத்தா, ஸ்கூகொக் தீவு ஆகிய நான்கு மிஸிஸாகா சமூகங்களும், போசொலேய், ஜோர்ஜினா தீவு, ராமா ஆகிய மூன்று சிப்பேவா சமூகங்களும். ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றிக் கிரெடிற் மிஸிஸாகாக்களும் உரிமை கோரியிருப்பதால் ஸ்காபரோவில் இரு தரப்பையும் குறிப்பிடுவதே முறை. மார்க்கம், ஏஜக்ஸ் சங்கங்களுக்கு ஸ்கூகொக் தீவு கிட்டத்தில். போர்ட் பெரிக்குப் பக்கம்தான். ஹேகர்ஸ்வில்லிலிருந்து ஒருவரை வரச் சொல்வதைவிட அது சரியும்கூட, பயணச் செலவும் குறைவு.

இன்னொரு அடுக்கும் உண்டு. லோரன்ஸ் வீதிக்கும் பெலமி வீதிக்கும் பக்கத்தில் இருக்கும் டேபர் ஹில் மேட்டை ஸ்காபரோத் தமிழரில் பாதிப்பேர் தினமும் கடந்து போகிறார்கள். 1956இல் மண் அள்ளும் இயந்திரம் அங்கே தோண்டியபோது சுமார் 500 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. வென்டாற் மக்கள் தம் முன்னோரை ஒன்றாகச் சேர்த்து அடக்கிய இடம் அது. பல நூற்றாண்டுப் பழையது. அந்த மேட்டைச் சொல்லாமல் லோரன்ஸ் வீதி மண்டபத்தில் நிலத்தைப் பற்றிப் பேசுவது எப்படிப் பொருந்தும்? அதே நேரம் அது சவ அடக்கம் செய்த இடம். அங்கே பட்டறையோ சாப்பாட்டு மேசையோ போடும் யோசனை வரவே கூடாது.

அழைக்கும் முறை. அனிஷினாபே, ஹோடினோசோனி ஆகிய பூர்வகுடி மக்களின் எல்டர் ஒருவரிடம் வேண்டுகோள் வைக்கும்போது புகையிலை கொடுத்துக் கேட்பது வழக்கம். சிகரெட் பெட்டி இல்லை. சுருட்டாத தூள் புகையிலை. உள்ளங்கை அகலச் சதுரப் பருத்தித் துணியில் ஒரு சிட்டிகை வைத்து, நான்கு முனையையும் சேர்த்து நூலால் கட்டுவார்கள். அதை நீட்டி, என்ன கேட்கிறீர்கள், எந்த நாள், எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டும். அவர் வாங்கிக்கொண்டால் ஏற்றுக்கொண்டார் என்று பொருள். இது கேட்கும் நேரத்தில் கொடுப்பது. நிகழ்வு முடிந்து மேடையில் மாலையோடு சேர்த்துக் கொடுத்தால் அதற்குப் பொருளே இல்லை. தொலைபேசியில் கேட்பதானால், நேரில் சந்திக்கும்போது தருவோம் என்று சொல்லிவைக்கலாம். இனுயிட் மக்களிடம் இந்த வழக்கம் கிடையாது. மெற்றிஸ் மூத்தவர்களிடம் எது முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். புகையிலையை மதிப்பூதியத்துக்குப் பதிலாக நினைக்கவும் வேண்டாம். இரண்டும் வேறு.

வதிவிடப் பாடசாலையிலிருந்து மீண்ட ஒருவரைப் பேச அழைத்தால், கேள்வி நேரம் வேண்டுமா இல்லையா என்பதை அவர் தீர்மானிக்கட்டும். நம் சபைகளில் ஒலிவாங்கி கிடைத்ததும் பத்து நிமிடம் பேசும் ஆட்கள் இருப்பார்கள். போரையும் இடப்பெயர்வையும் ஒப்பிட்டு எழுந்து நிற்பார்கள். உள்ளத்திலிருந்து வருவதுதான்; என்றாலும் அந்த மாலை விருந்தாளியின் வாய்க்குரியது. எழுத்தில் கேள்வி வாங்குவது பாதுகாப்பு.

## மத்திய அரசு: செப்டெம்பர் 30 நிதி

கனடிய மரபுரிமைத் திணைக்களத்தின் 'கொமெமொரேட் கனடா' திட்டத்தில் நல்லிணக்கத்துக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய தினத்தை ஒட்டிய சமூக நிகழ்வுகளுக்கு அது உதவுகிறது. மேலே சொன்ன 5,700 டொலர் அளவு நிகழ்வுக்குப் பொருந்திவரும் நிதி.

இதன் பலம், நோக்கம் நேரடியாகப் பொருந்துவது. வதிவிடப் பாடசாலை வரலாறு, மீண்டவர்களின் குரல், பொதுமக்கள் கல்வி என்ற மூன்றையும் சுற்றிக் கட்டினால் விண்ணப்பத்தில் எதையும் நீட்டி முழக்க வேண்டியதில்லை. பூர்வகுடி அமைப்பின் பங்கு எவ்வளவு உண்மையானது என்பதை நன்றாகப் பார்ப்பார்கள். "அழைக்க உத்தேசித்துள்ளோம்" என்ற வரி எடுபடாது. யார், என்ன செய்ய ஒத்துக்கொண்டார்கள், எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று அவர்களே எழுதிய கடிதம் வேண்டும்.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். விண்ணப்பம் நிகழ்வுக்குப் பல மாதம் முன்பே மூடிவிடும். கோடையில் யோசிக்கத் தொடங்கியவருக்கு அந்த ஆண்டு கிடையாது. மத்திய நிதிக்கான நன்றியறிவிப்பு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும். தமிழும் ஆங்கிலமுமாக அடித்த பதாகையைத் திரும்ப அடிக்கவேண்டி வரும். அங்கீகாரத்துக்கு முன் செய்த செலவை ஏற்பார்கள் என்று நம்பி முற்பணம் கட்டவேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, ஆட்கள் கிடைக்காமை. செப்டெம்பர் கடைசி வாரத்தில் ஒன்ராறியோவின் ஒவ்வொரு பாடசாலையும் வங்கியும் பல்கலைக்கழகமும் அதே எல்டர்களையும் அதே மேளக் குழுக்களையும் தேடும். ஒரே நாளில் மூன்று இடத்துக்குப் போய்க் களைத்து, நான்காவதாக நம் மண்டபத்துக்கு வருவார்கள். அந்த நாள் அவர்களுக்கே துக்க நாள் என்பதை யாரும் நினைப்பதில்லை. சனவரியிலேயே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட சங்கங்களுக்கு மட்டுமே இந்த நிதியைப் பரிந்துரைக்கலாம்.

## மத்திய அரசு: ஜூன் 21 நிதி

அதே திணைக்களத்தின் 'செலிபிரேட் கனடா', ஜூன் 21 முதல் ஜூலை 1 வரை நடக்கும் நிகழ்வுகளுக்கானது. பூர்வகுடி மக்கள் தினம், கியூபெக்கின் புனித யோவான் விழா, பல்பண்பாட்டு நாளான ஜூன் 27, கனடா தினம் எல்லாம் அதற்குள். விண்ணப்பம் வழக்கமாக முந்தைய ஆண்டு நவம்பர் 21இல் முடியும். மாவீரர் நாள் வேலைகளில் மூழ்கியிருக்கும் வாரம். நம்மவர்கள் பலர் தவறவிடுவது அதனால்தான். ஒக்டோபரில் எழுதி முடித்துவிடுங்கள்.

வெளியரங்கு, குடும்பங்கள், பிள்ளைகள், கதைசொல்லல், மணிவேலைப் பட்டறை என்றால் இதுவே சரியான இடம். ஸ்காபரோ, மார்க்கம் பூங்காக்களில் நிகழ்வு வைத்தால் நகரின் அனுமதிப்பத்திரம், பொதுவாக 20 இலட்சம் டொலருக்கான பொறுப்புக் காப்புறுதி, உணவு கொடுத்தால் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிப்பு என்று மூன்று கடுதாசி சேரும். மழைக்கு மாற்றிடம் தனி. நான்கு விழாக்களுக்கும் சேர்த்து ஒரே பணப்பை என்பதால், நிதி கிடைத்தாலும் கேட்டதைவிடக் குறையலாம். குறைந்தால் எதை வெட்டுவது என்று முன்பே முடிவுசெய்யுங்கள். வெட்டவேண்டியது கூடாரமும் பதாகையும். மேளக் குழுவின் ஊதியத்தில் கைவைக்கக்கூடாது.

## நகரசபை, சிறு அறநிதிகள்

மார்க்கத்தின் 'செலிபிரேட் மார்க்கம்' போன்ற நகரத் திட்டங்கள் பண்பாட்டு நிகழ்வு எல்லாவற்றுக்கும் பொதுவானவை. படிவம் சிறியது, அலுவலரைத் தொலைபேசியில் பிடிக்கலாம், திகதியில் இறுக்கம் இல்லை. ஒக்டோபரிலோ மார்ச்சிலோகூட நடத்தலாம். எல்டர்கள் ஆறுதலாக இருக்கும் மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிவது பெரிய வசதி.

இதன் விலை வேறு இடத்தில் வரும். பல நகரத் திட்டங்களில் ஓர் அமைப்புக்கு ஒரு சுற்றில் ஒரு விண்ணப்பம்தான். இதற்குப் போட்டால் பொங்கலுக்கோ முத்தமிழ் விழாவுக்கோ கேட்க முடியாது. நிர்வாக சபையில் இதை முன்கூட்டியே பேசி முடிவெடுக்காவிட்டால், விழாக் குழுவின் கோபம் நல்லிணக்க நிகழ்வின் மேல் விழும்.

பதிவில்லாத குழுக்களுக்கு உகந்தவை குடியிருப்பாளர் சிறு நிதிகள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வன்கூவர் நிதியத்தின் அயல் சிறு மானியங்கள் இந்த வகைக்கு ஓர் உதாரணம்; ஒன்ராறியோச் சங்கங்கள் தம் நகரில் இதுபோன்றது உண்டா என்று பார்க்கவேண்டும். சங்கமே இல்லாமல் தனி ஆள் கேட்கலாம், தொகை சில நூறு டொலர். ஒரு நூல் வாசிப்பு, ஓர் ஆவணப்பட மாலை, பத்துப் பேரின் பயணம் ஆகியவற்றுக்குப் போதும். பெரிய தொகை வேண்டுமானால், பதிவுள்ள ஓர் அமைப்பு உங்களுக்காகப் பணத்தை ஏற்க வேண்டியிருக்கும்; அவர்கள் நிர்வாகச் செலவாக 5 முதல் 10 சதவீதம் கேட்பதுண்டு. அதையும் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாகக் காட்டுங்கள்.

ஒன்ராறியோ ட்ரில்லியம் நிதியத்தை யாராவது சொன்னால், அது வேறு அளவு. அதன் தொடக்க மானியமே 10,000 டொலரில் ஆரம்பிக்கிறது. ஒரு மாலை நிகழ்வுக்கு அங்கே போகவேண்டாம்.

## மானியமே இல்லாமல்

இந்த வழியை யாரும் கேட்பதில்லை. ஆனால் முதல் முறை இறங்கும் சங்கங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்துவது இதுதான். ஏற்கெனவே பூர்வகுடி மக்கள் தாமே நடத்தும் நிகழ்வுகள் இருக்கின்றன. கிரெடிற் மிஸிஸாகா முதற்குடி ஆகஸ்ட் கடைசியில் மேளமும் நடனமுமாக நடத்தும் பவ்வவ் விழாவுக்கு எல்லோரும் போகலாம். 1962இல் தொடங்கிய ரொறன்ரோ பூர்வகுடி கனடியர் நிலையம் ஸ்பதைனா வீதியில் ஆண்டு முழுக்க இயங்குகிறது. பிரான்ட்ஃபோர்டில், மோஹாக் வதிவிடப் பாடசாலை இருந்த வளவில், வூட்லண்ட் பண்பாட்டு நிலையம் இருக்கிறது. ஒரு பாடசாலை பஸ்ஸை வாடகைக்கு எடுத்து 40 பேரைக் கூட்டிப்போய், வழிகாட்டியோடு பார்த்து, அங்கேயே கட்டணமும் நன்கொடையும் கொடுத்துத் திரும்பினால், மேலே போட்ட பட்டியலில் பாதிச் செலவுக்குள் முடியும். மண்டபம் இல்லை, காப்புறுதி இல்லை, இறுதி அறிக்கை இல்லை. கொடுக்கும் காசு நேராகப் போய்ச் சேரும்.

குறைகளும் உண்டு. சங்கத்தின் பெயர் மேடையில் வராது. சிலருக்கு அதுவே தடை. வயதான உறுப்பினர்களுக்கு நீண்ட பயணம் சிரமம். தமிழில் விளக்கம் கிடைக்காது. போகும் வழியில் பஸ்ஸிலேயே யாராவது அரைமணி நேரம் சொல்லவேண்டும்.

சட்டத்தில் ஒரு நுணுக்கம். சங்கம் பதிவு பெற்ற அறக்கட்டளை என்றால் கண்ட இடத்துக்கும் நன்கொடை கொடுக்க முடியாது. பல முதற்குடிகள் வருமான வரித் திணைக்களத்தின் தகுதி பெற்றோர் பட்டியலில் அரச அமைப்புகளாக இருக்கின்றன. பெயரைத் தேடிப் பார்த்தால் போதும். பட்டியலில் இல்லாத குழுக்களுக்கும் 2022 சட்டத் திருத்தத்தின்படி கொடுக்கலாம், ஆனால் எழுத்தில் உடன்பாடும் கணக்கும் வேண்டும். அறக்கட்டளை அல்லாத சாதாரணச் சங்கத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

## ஒரு பார்வையில்

| | செப்டெம்பர் 30 நிதி | ஜூன் 21 நிதி | நகரசபை | மானியமின்றி |
|---|---|---|---|---|
| நிகழ்வின் இயல்பு | நினைவேந்தல், கல்வி | கொண்டாட்டம் | எதுவும் | விருந்தாளியாகச் செல்வது |
| தயாரிப்புக் காலம் | முந்தைய குளிர்காலத்திலிருந்து | முந்தைய ஒக்டோபர் | நான்கைந்து மாதம் | ஆறு வாரம் |
| அழைப்பாளர் கிடைப்பது | மிகக் கடினம் | சுமார் | எளிது | தேவையில்லை |
| மறைந்த செலவு | பிரெஞ்சு, தாமதம், அறிக்கை | பூங்கா அனுமதி, மழை | பொங்கல் மானியம் போகலாம் | பஸ் |
| யாருக்குப் பொருந்தும் | முன்பே உறவுள்ள சங்கம் | பெரிய குடும்பச் சங்கம் | அனுபவமுள்ள நிர்வாகம் | முதல் முறை இறங்குவோர் |

முதல் ஆண்டு பஸ், இரண்டாம் ஆண்டு நகரசபை, மூன்றாம் ஆண்டு மத்திய அரசு என்ற வரிசை நன்றாக வேலை செய்யும். மூன்றாம் ஆண்டு வரும்போது ஆதரவுக் கடிதம் தரக்கூடிய ஆட்களை ஏற்கெனவே தெரிந்திருக்கும். முதல் ஆண்டிலேயே செப்டெம்பர் 30 நிதிக்கு எழுதும் சங்கம், தனக்குத் தெரியாத ஒருவரிடம் மின்னஞ்சலில் கடிதம் கேட்டுக்கொண்டு நிற்கும்.

## வழக்கமாகப் பிழைக்கும் இடங்கள்

புகை. நிகழ்வு தொடங்குமுன் எல்டர் சிப்பிக் கிண்ணத்தில் சேஜ் இலையை மூட்டி, இறகால் புகையைப் பரப்புவார். சாம்பிராணிக்கே முகம் சுளிக்கும் மண்டபங்கள் நமக்குத் தெரிந்தவைதானே. பூர்வகுடி மக்கள் தம் மரபுப்படி புகையிலையைப் பயன்படுத்துவதற்கு ஒன்ராறியோவின் புகைத்தல் தடைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் கூரையில் இருக்கும் புகை உணரிக்குச் சட்டம் தெரியாது. அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்தால் நகரம் கட்டணம் போடும், எல்டரும் சங்கடப்படுவார். மண்டப ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் எழுத்தில் கேளுங்கள்: அந்த அரைமணி நேரத்துக்கு உணரியை நிறுத்திவைக்க ஆள் இருப்பாரா? இல்லை என்றால் வாசலுக்கு வெளியே ஓர் இடம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு முன்கூட்டி அறிவிக்கவும்.

கொடுக்கும் விதம். மதிப்பூதியத்தை அன்றே, உறையில், தனியாகக் கொடுக்க வேண்டும். "விலைப்பட்டியல் அனுப்புங்கள், முப்பது நாளில் காசோலை வரும்" என்பது எழுபது வயது மூத்தவரிடம் சொல்லும் வார்த்தை இல்லை. ஓர் ஆண்டில் ஒருவருக்கு 500 டொலருக்கு மேல் கொடுத்தால் அதை வருமான வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கும் டி4ஏ படிவம் பற்றிய கேள்வி வரும். அதற்குச் சமூகக் காப்புறுதி இலக்கம் வேண்டும். அதை வாசலில் வைத்துக் கேட்கும் கூத்தைத் தவிர்க்க, அழைப்பு உறுதியான வாரத்திலேயே பொருளாளர் கணக்காளரிடம் பேசி முடிக்கட்டும். கையெழுத்திட்ட ஒரு சிறு ரசீது மானிய அறிக்கைக்குப் போதுமா என்று நிதி தருபவரிடமும் அப்போதே கேளுங்கள்.

விற்பனை வரி. ஒன்ராறியோவில் பதிவு பெற்ற அறக்கட்டளை தான் கட்டும் எச்எஸ்டியில் மத்திய பங்கில் 50 சதவீதத்தையும் மாகாணப் பங்கில் 82 சதவீதத்தையும் திரும்பப் பெறலாம். திரும்பக் கிடைக்கும் வரியை மானியச் செலவில் காட்டினால் இறுதி அறிக்கையில் வெட்டிவிடுவார்கள்.

செம்மஞ்சள் சட்டை. வதிவிடப் பாடசாலையில் தன் செம்மஞ்சள் சட்டையைப் பறிகொடுத்த ஃபிலிஸ் வெப்ஸ்டாட்டின் கதையிலிருந்து 2013இல் தொடங்கிய செம்மஞ்சள் சட்டை நாளுக்கு, இணையத்தில் மலிவாக விற்கும் சட்டையை நூறு வாங்கி விநியோகிப்பது இப்போது வழக்கமாகிவருகிறது. வடிவமைத்தவர் யார், விற்ற காசு யாருக்குப் போகிறது என்று கேட்டு வாங்குங்கள். பதில் இல்லாத கடையில் வாங்குவதைவிட உறுப்பினர்கள் வீட்டிலிருக்கும் செம்மஞ்சள் உடுப்பை உடுத்திக்கொண்டு வரலாம்.

தள்ளிவைப்பு. முதற்குடிச் சமூகங்களில் ஓர் இறப்பு நேர்ந்தால் எல்டரும் மேளக் குழுவும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே போவார்கள். செத்தவீட்டுக்காக எதையும் நிறுத்தும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை; விளக்கவேண்டியது மானிய அலுவலருக்கு. விண்ணப்பத்திலேயே இரண்டாம் திகதி ஒன்றைக் குறிப்பிட்டு வையுங்கள். செய்தி வந்த அன்றே அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பிறகு சொன்னால் காசைத் திருப்பிக் கேட்கலாம். ஜூன் 21 நிதியில் ஜூலை 1ஐத் தாண்ட முடியாது. நகரசபை நிதிதான் இந்த விடயத்தில் மிகவும் நெகிழ்வானது. மண்டபக்காரரிடமும் அதே இரண்டாம் திகதியை, முற்பணம் இழக்காமல் மாற்றலாம் என்ற வரியோடு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.